நடுவால ஓடச் சொன்னது ஆர்?

எழுபதுகளின்ர நடுவில நாங்கள் ஸ்காபரோவில ஒரு அப்பாட்மென்ற்றில ஒன்பதாம் மாடியில இருந்தனாங்கள். பல்கனியில நிண்டு கீழ பாத்தால் ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். சனிக்கிழமை மத்தியானங்களில அதில அந்தப் பகுதிக் கழகம் புட்போல் விளையாடும். எங்கட ஊரில காலால அடிக்கிற புட்போல் இல்லை. தலையில சட்டி மாதிரி ஒண்டைக் கவிட்டு, தோளில பலகை வைச்சுக் கட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுற கனடாக்காரற்ர புட்போல். வந்த புதுசில, "உது என்ன கோதாரி விளையாட்டு, பந்து இல்லாதவனையும் பிடிச்சு விழுத்துறாங்கள்" எண்டு கேட்ட ஆள் நான். போகப்போக அதே பல்கனிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நானும் கத்தத் தொடங்கினன்.

விளையாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுறன், இல்லாட்டிப் பேந்து கதை விளங்காது. பந்து வைச்சிருக்கிற பக்கத்துக்கு மூண்டு தரம் சந்தர்ப்பம். அதுக்குள்ள பத்து யார் தூரம் முன்னேறவேணும், இல்லாட்டிப் பந்து மற்றப் பக்கத்துக்குப் போயிடும். ஒவ்வொரு தரமும் பந்தை எடுக்க முந்தி, பெடியள் வட்டமாக் கூடி, தலையோட தலை முட்டிக்கொண்டு, என்ன செய்யிறது எண்டு கதைப்பினம். வட்டத்துக்கு நடுவில நிக்கிறவன் குவாட்டர்பாக். பந்து முதல் அவன்ர கைக்குத்தான் வரும். அதை எறியிறதோ, இன்னொருத்தனிட்டக் குடுத்து ஓடவிடுறதோ அவன்ர வேலை. கோட்டுக்கு வெளியில சிவப்புக் கம்பளித் தொப்பியோட கோச் நிப்பார். அவருக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு தடியன் நிப்பான். அவனைப் போல இன்னொருத்தன் உள்ள நிப்பான். ஒவ்வொரு தரமும் இவன் உள்ள ஓட, அவன் வெளியில வருவான். கோச் சொல்லுறதைக் காவிக்கொண்டு போறதுதான் அந்த ரெண்டு பேருக்கும் முக்கியமான வேலை எண்டு எங்களுக்குப் பிறகுதான் பிடிபட்டது.

எங்கட கழகம் எப்பவும் செய்யிறது ஒண்டுதான். முதல் தரம் நடுவால ஓடுறது. நடுவில எதிர்ப்பக்கத்துக்காரர் மதில் மாதிரி நிப்பினம். அதுக்குள்ள போய் முட்டி விழுவாங்கள். ரெண்டாம் தரமும் நடுவால. மூண்டாம் தரம் பந்தை உதைச்சுக் குடுத்திட்டு வந்து கரையில கிடக்கிற வாங்கில குந்தித் தண்ணி குடிப்பாங்கள். ஒன்பதாம் மாடியில நிண்டு பாக்கிற எனக்கே ரெண்டு கரையும் ஆளில்லாமல் வெறுமையாக் கிடக்கிறது தெரியும். எனக்குத் தெரிஞ்சது கீழ நிக்கிறவனுக்குத் தெரியாதோ எண்டு வயிறு எரியும்.

இதுதான் எங்கட வீட்டில நடந்த பெரிய வழக்கு. நடுவால ஓடச் சொல்லுறது ஆர்? கோச்சோ, குவாட்டர்பாக்கோ?

இவர், அதாவது என்ர மனிசன், கோச்சிலதான் பிழை எண்டு நிப்பார். "அந்தப் பெடியன் பாவம். உந்தச் சிவப்புத் தொப்பி சொல்லி அனுப்புறதைச் செய்யிறான். தோத்தால் அவன்ர தலையில போடுறாங்கள்." எதிர்க்கட்சி மதுரை அண்ணை. அவர் மிசிசாகாவில விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு கந்தோரில மேற்பார்வையாளர். மனிசியும் மகளும் இன்னும் மதுரையில, விசாவுக்குக் காத்துக்கொண்டு. சனிக்கிழமை வந்தால் தன்ர பழைய காரை எடுத்துக்கொண்டு ரொறன்ரோவைக் குறுக்கால கடந்து எங்கட வீட்டுக்கு வந்திடுவார். "மாப்ள, கோச்சு ஒழுங்காத்தான் சொல்லி அனுப்புறாரு. உள்ள நிக்கிறவன் கேக்க மாட்டேங்கிறான். அவனுக்குத் திமிரு" எண்டுவார். இவர் அவரை நீர் எண்டுதான் கூப்பிடுவார். "என்ன மாப்ள, ராஜா தர்பார்ல பேசுற மாதிரி இருக்கு" எண்டு அவர் சிரிப்பார். நான் அவருக்குத் தங்கச்சி.

அவை ரெண்டுபேரும் கோப்பிக் கோப்பையும் கையுமாப் பல்கனியில ரெண்டு மடக்குக் கதிரையைப் போட்டு இருந்தால், எழும்புறது ஆட்டம் முடியத்தான். இவரிட்ட ஒரு தொலைநோக்கி இருந்தது. அதைப் பறிச்சுப் பறிச்சுப் பாப்பினம். "இப்ப பாரும், கோச் கையை வலப்பக்கம் காட்டுறார்." "மாப்ள, அது அவரு மூக்கைத் துடைக்கிறாரு." காது கேக்காத தூரத்தில நிண்டு, ஆர் என்ன சொன்னது எண்டு அடிபட்ட ஆக்களை உலகத்தில வேற எங்கயும் காண ஏலாது. கீழ இறங்கிப்போய்க் கேட்டால் ஒரு நிமிசத்தில முடியிற அலுவல். நான் சொல்லியும் பாத்தன். ரெண்டுபேரும் என்னைப் பாத்த பார்வை, ஏதோ கோயிலுக்குள்ள செருப்போட போகச் சொன்னது போல இருந்தது. வெள்ளைக்காரற்ர விளையாட்டில போய் மூக்கை நுழைக்க அவைக்குக் கூச்சம். நுழைக்காமல் இருக்கவும் ஏலாது.

எனக்கு மதுரை அண்ணையில ஏன் அவ்வளவு பட்சம் எண்டு சொல்லவேணும். நாங்கள் வந்த முதல் குளிர்காலம் இவர் ஒரு மாதிரிப் போனார். வரைபடம் கீறுற கந்தோர் வேலை கிடைச்சுது, சம்பளம் கிடைச்சுது. ஆனால் வேலையால வந்தால் உடுப்பும் மாத்தாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திடுவார். கூப்பிட்டால் "ம்" எண்டுவார், அவ்வளவுதான். சனி ஞாயிறு எண்டால் அந்த "ம்" கூட இல்லை. "திரும்பிப் போவமே?" எண்டு ஒருநாள் கேட்டார். பேந்து ஒருநாள் பஸ் தரிப்பில நாங்கள் ரெண்டுபேரும் காத்தைத் திட்டிக்கொண்டு நிக்க, முன்னால நிண்ட குண்டு மனிசன் திரும்பி, "தமிழா? அய்யோ, தமிழா!" எண்டு இவற்ர ரெண்டு கையையும் பிடிச்சிட்டார். அண்டைக்கு எழும்பினவர்தான் இவர். மதுரை அண்ணை இல்லாட்டி என்ர மனிசனை நான் அந்தச் சுவரிட்டக் குடுத்திருப்பன். இதைவிட வேற மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்பிடி இருந்த ரெண்டுபேரும் ஒரு இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை கோவிச்சுக்கொண்டினம். அதுவும் அந்த நடுவால ஓட்டத்தாலதான்.

அந்தக் கிழமை இவற்ர கந்தோரில ஒரு பிரச்சினை. மேலதிகாரி சொன்னபடி இவர் ஒரு படம் கீறினவர். அது பிழைச்சுப்போச்சு. கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால அந்த மனிசன் இவர்தான் பிழை எண்டு கையைக் காட்டியிருக்கிறான். இவர் அதை என்னட்டச் சொன்னார், மதுரை அண்ணையிட்டச் சொல்லேல்லை. மதுரை அண்ணையும் அந்தக் கிழமை தனக்குக் கீழ வேலை செய்த ஒருத்தரை வேலையால நிப்பாட்டவேண்டி வந்திட்டுதாம். அதை அவர் எனக்குப் பிறகுதான் சொன்னார். ரெண்டுபேரும் மனசில ஆளுக்கொரு புண்ணை வைச்சுக்கொண்டு பல்கனியில வந்து இருந்தால் என்ன நடக்கும்? கீழ பெடியன் நடுவால ஓடி, முட்டி, பந்தையும் தவற விட்டிட்டான்.

"பாத்தியா மாப்ள, சொன்னதை ஒழுங்காச் செய்யத் தெரியாதவன்தான் மேல உள்ளவன் மேல பழியைப் போடுவான்" எண்டார் மதுரை அண்ணை.

இவர் தொலைநோக்கியைக் கீழ வைச்சார். "ஓமோம். உங்களைப் போல ஆக்களுக்கு எப்பவும் கீழ நிக்கிறவன்தான் பிழை. ஒருத்தன்ர வயித்தில அடிச்சுப்போட்டு நிம்மதியா வந்து வடை தின்னுற ஆக்கள்."

சும்மா வாயில வந்ததைச் சொன்னவர். கோதாரி, அது போய்ச் சரியான இடத்தில குத்திப்போட்டுது. மதுரை அண்ணையின்ர முகம் கறுத்தது. கையில இருந்த பாதி வடையைத் தட்டில வைச்சிட்டு, "நான் வர்றேன் தங்கச்சி" எண்டு சப்பாத்தைப் போட்டார். குசினியில இடியப்பம் ஆவி பறந்துகொண்டு இருந்தது. "சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை" எண்டு நான் லிப்ற் மட்டும் பின்னால ஓடினன். அவர் திரும்பேல்லை.

அதுக்குப் பிறகு ரெலிபோன் காலம். மதுரை அண்ணை எனக்கு எடுப்பார், இவர் வேலைக்குப் போன நேரமாப் பாத்து. மாப்ள எண்ட சொல்லே போயிட்டுது. "உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க, யாரு வயித்துலயும் அடிச்சுட்டு எனக்குத் தூக்கம் வர்றதில்ல." நான் இவரிட்டச் சொல்லுவன்: "அண்ணை சுகம் கேட்டவர்." இவர் சொல்லுவார்: "அவருக்குச் சொல்லும், மேலதிகாரிமாருக்கு வக்காலத்து வாங்கிறவையோட எனக்குக் கதை இல்லை எண்டு." நான் ரெலிபோனில சொல்லுவன்: "இவருக்கும் மனசு சரியில்லை அண்ணை." பச்சைப் பொய் இல்லை. ஆனால் சொல்லச் சொன்னதும் இல்லை. முழுசாக் காவிக்கொண்டு போயிருந்தால் ரெண்டாம் நாளே ரெலிபோன் உடைஞ்சிருக்கும்.

சனிக்கிழமைகளில இவர் பல்கனிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டார். வெளியில சனம் கத்துறது கேக்கும். இவர் செற்றியில படுத்திருப்பார், சுவர்ப்பக்கம் திரும்பி. ஒருநாள் "ஊரில இப்ப மழை தொடங்கியிருக்கும்" எண்டார். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. உள்ளதைச் சொல்லுறன், அப்பிடி ஒரு பயம் எனக்கு அதுக்கு முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

நான் ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஒரு திங்கட்கிழமை ஒரு தடியன் வந்தான், விரல் வெங்காயம் மாதிரி வீங்கி. ஜாக்கெற்றைக் கழட்ட உள்ள எங்கட கழகத்துச் சட்டை. முகத்தைப் பாத்தன், தொலைநோக்கியில கண்ட முகம். அந்த ரெண்டு தடியன்களில ஒருத்தன்!

"உம்மை எனக்குத் தெரியும்" எண்டன் இங்கிலீசில. "நீர் உள்ள ஓடுறதும் வெளியில ஓடுறதுமா இருக்கிற ஆள்."

அவன் அப்பிடியே வாயைப் பிளந்தான். "எங்கட ஆட்டத்தைப் பாக்கிற ஆக்களும் இருக்கினமோ? என்ர அம்மாவே வாறேல்லை!"

வாய்க்கு வந்தது நிண்டால்தானே. கேட்டுப்போட்டன். "தம்பி, எனக்கு ஒண்டு சொல்லும். நடுவால ஓடச் சொல்லுறது ஆர்? கோச்சோ, குவாட்டர்பாக்கோ?"

அவன் கதவுப்பக்கம் ஒருக்காப் பாத்தான். பேந்து வீங்கின விரலையும் மறந்து சிரிக்கத் தொடங்கினான். "ரெண்டுபேரும் இல்லை. நான்தான்."

கோச் சொல்லி அனுப்புறது சரியான நீளமாம். இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவன், ஒரு இலக்கம், பேந்து இன்னொரு இலக்கம். ஓடிப் போய்ச் சேருறதுக்குள்ள அவனுக்குப் பாதி மறந்துபோயிடும். வட்டத்துக்குள்ள எல்லாரும் அவன்ர வாயைப் பாத்துக்கொண்டு நிப்பாங்கள். மறந்துபோச்சு எண்டு சொல்ல வெக்கம். அதால "நடுவால ஓடு" எண்டு சொல்லிவிடுவானாம். மற்றவன் எப்பிடி எண்டு கேட்டன். "அவனுக்கு என்னைவிட மறதி" எண்டான்.

"கோச் ஏசமாட்டாரோ?"

"குவாட்டர்பாக் தன்ர சொல்லுக் கேக்கிறான் இல்லை எண்டு கோச் நினைக்கிறார். கோச்சுக்கு மூளை இல்லை எண்டு குவாட்டர்பாக் நினைக்கிறான். இப்ப ரெண்டுபேரும் ஒருத்தரோட ஒருத்தர் முகம் குடுத்துக் கதைக்கிறதும் இல்லை" எண்டான் அவன், வலு சாதாரணமா.

நான் சிரிச்ச சிரிப்பில அவனும் சேர்ந்து சிரிக்க, கை ஆடிப் படத்தைத் திருப்பி எடுக்கவேண்டி வந்தது.

பஸ்ஸில வரேக்க அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிச்சுது. இதைக் கொண்டுபோய் ரெண்டுபேரிட்டயும் சொன்னால் என்ன? சொல்லலாம். ஆனால் ரெண்டுபேரும் பிழை எண்டு ஆகும். பிழைவிட்டு வெக்கப்பட்ட ஆம்பிளையள் அந்த வெக்கத்தோட சமாதானத்துக்கு வந்ததை நான் கண்டதே இல்லை. இன்னும் இறுக்கிக்கொண்டு போய் மூலையில இருப்பினம். அதோட, அந்த வழக்குத் தீர்ந்துபோனால் அவைக்குக் கதைக்க வேற என்ன இருக்கு? அதனால வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன். ஒண்டு மட்டும் மனசில விழுந்தது. நடுவில நிண்டு காவுறவள் நானும்தானே. பயந்து பயந்து பாதியைச் சொல்லுறதை விட, அந்தத் தடியனைப் போல துணிஞ்சு ஒண்டைச் சொல்லிப் பாத்தால் என்ன?

அந்த வாரமே மதுரை அண்ணை எடுத்தார். குரல் உள்ளுக்க போயிருந்தது. "தங்கச்சி, கம்பெனியில என்னை வினிப்பெக்குக்கு மாத்திட்டாங்க. வர்ற மாசம் கிளம்பணும். வீட்ல அவங்களும் பொண்ணும் நேரா அங்கயே வந்துருவாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. வேற ஒண்ணுமில்ல."

பின்னேரம் இவரிட்டச் சொன்னன். "போகட்டும்" எண்டார். "நல்லாப் போகட்டும்." சொல்லிப்போட்டுக் குசினியில தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, ஒண்டையும் கழுவாமல் அதைப் பாத்துக்கொண்டு நிண்டார். நான் போய்ப் பூட்டும் மட்டும் நிண்டார்.

அடுத்த நாள் மதுரை அண்ணைக்கு எடுத்தன். "அண்ணை, இவர் உங்களைச் சனிக்கிழமை சாப்பிட வரச் சொன்னவர்."

"அவரா சொன்னாரு?"

"ஓம்."

"அவரு வாயாலயா?"

"வேற ஆற்ர வாயால அண்ணை சொல்லுறது?" எண்டு அதட்டினன்.

இவரிட்ட வேற கதை. "அண்ணை சனிக்கிழமை வரட்டோ எண்டு கேக்கிறார். உங்களைக் காணாமல் போக மனமில்லையாம்." இவர் பேப்பரை மடிச்சார், விரிச்சார், திருப்பி மடிச்சார். "அவர் அப்பிடிக் கேட்டவரே?" எண்டார். "வாறதெண்டால் வரட்டும், ஆர் வேண்டாம் எண்டது?" கொஞ்சம் பொறுத்து, "கத்தரிக்காய் இருக்கோ? அவருக்கு உம்மட கத்தரிக்காய்ப் பால்கறி எண்டால் உயிர்" எண்டார். இப்பிடி ரெண்டு பக்கமும் பொய் சொன்னதில எனக்கு ஒரு வெக்கமும் இல்லை, இண்டைக்கும் இல்லை. ஆனால் பயம் இருந்தது. ஏனெண்டால் இவர் பொய்யோட ஒத்துப்போற ஆள் இல்லை. ஒரு விருந்தில பாயாசம் எப்பிடி எண்டு ஆசையாக் கேட்ட வீட்டுக்கார மனிசியிட்டயே "இனிப்புக் காணாது" எண்டு முகத்துக்கு நேர சொன்ன ஆள். விசயம் வெளியில வந்தால் "நான் கூப்பிடேல்லை" எண்டு அந்த இடத்திலயே சொல்லுவார். சொன்னால் மதுரை அண்ணை எழும்பிப் போவார். போனால் அதோட சரி.

சனிக்கிழமை மதுரை அண்ணை ஒரு பை அப்பிளோட வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில, பொம்பிளை பாக்க வந்தவர் மாதிரி. இவரும் காலமையே சவரம் எடுத்து வைச்சிருந்தார். "வாரும்." "நல்லா இருக்கீங்களா?" அவ்வளவுதான் கதை. ரெண்டுபேரும் பல்கனியில போய் இருந்து, ஆகாயத்தைப் பாத்தினம். நான் குசினியில கரண்டியைக் கையில வைச்சுக்கொண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிறன். கடவுளே எண்டு கூப்பிட்டன்.

கீழ விசில் ஊதிச்சுது. தடியன் விரலில வெள்ளைக் கட்டோட உள்ள ஓடுறதைக் கதவுக்குள்ளால கண்டன். வட்டம் கூடிச்சுது, கலைஞ்சுது. பெடியன் பந்தை வாங்கினான், நடுவால ஓடினான், முட்டி விழுந்தான்.

ரெண்டுபேரும் ஒரே நேரம் எழும்பினம். "ஐயோ விசரா!" எண்டார் இவர். "அடப்பாவி!" எண்டார் மதுரை அண்ணை. அவ்வளவுதான். "கோச்சைப் பாரும், கோச்சைப் பாரும்!" "கோச்சு என்ன மாப்ள பண்ணுவாரு, அந்தப் பய கேட்டாத்தானே!" தொலைநோக்கி கை மாறிச்சுது. எனக்குக் கண்ணால தண்ணி ஓடிச்சுது. கரண்டியை வைச்சிட்டுச் சீலைத் தலைப்பால துடைச்சன்.

சாப்பாட்டு மேசையில மதுரை அண்ணை முதல் வாய் வைச்சார். பேந்து கையை எடுத்துப்போட்டு, தட்டைப் பாத்தபடி சொன்னார். "உண்மையச் சொல்றேன். நீங்களாக் கூப்பிட்டு அனுப்பலைன்னா நான் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டேன். பேசாம வினிப்பெக் போயிருப்பேன். கூப்பிட்டீங்க பாருங்க, அது பெரிய விஷயம்."

இவர் நிமிந்தார். முதல் அவரைப் பாத்தார். பேந்து என்னைப் பாத்தார். நான் கறிச்சட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். இவருக்கு எல்லாம் விளங்கியிட்டுது எண்டு அந்தக் கண்ணில தெரிஞ்சுது. இனி எல்லாம் இவற்ர கையில.

"உம்மைக் கூப்பிடாமல்" எண்டார் இவர். "உம்மைக் கூப்பிடாமல் இந்த ஊரில நான் வேற ஆரைக் கூப்பிடுறது?"

மதுரை அண்ணை தலையைக் குனிஞ்சுகொண்டார். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் ஒருத்தருக்கும் சாப்பாடு போட்டு அறியாத என்ர மனிசன், எழும்பி வந்து, என்ர கையில இருந்த சட்டியை வாங்கி, அவற்ர தட்டில கறியைப் போட்டார்.